வேற்றுலகத்தாரும் நம் அண்டை வீட்டாரும்

விஞ்ஞானக் கற்பனை நாடகம் என்றதும் பலருடைய மனத்தில் முதலில் தோன்றுவன ராக்கெட்டுகளும், மின்னி அணையும் விளக்குகளும், விநோதமான முகமும் உடையும் கொண்ட வேற்றுலகத்தாருமே ஆவர். சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடும் பெரியோரும் உண்டு. ஆயினும், தொலைக்காட்சியில் இவ்வகை நாடகம் கடந்து வந்த பாதையை நாம் சற்று ஊன்றி நோக்கினால், அதன் உண்மையான பொருள் விண்வெளி அன்று என்பது விளங்கும். மனிதன் மனிதனை எவ்வாறு பார்க்கிறான் என்பதே அதன் பொருள். ஒருவனை இன்னான் என்று நாம் எதைக் கொண்டு அறிகிறோம்? அவனை அறியுமுன்பே அவனைப் பற்றி ஏன் முடிவு கட்டிவிடுகிறோம்? அவன் செய்யும் செயலுக்கு உள்ளிருந்து தூண்டும் நோக்கம் யாது? அடையாளம், தப்பெண்ணம், உள்நோக்கம் என்னும் இம்மூன்றும் பின்னிக் கிடக்கும் முடிச்சை அவிழ்ப்பதே நல்ல விஞ்ஞான நாடகத்தின் வேலை.

இது இடையில் வந்து சேர்ந்த குணமன்று, பிறவியிலேயே அமைந்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் விஞ்ஞானக் கற்பனை நாடகம் என்று கருதப்படுவது, 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி லண்டனில் பி.பி.சி. அளித்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தின் ஒரு பகுதியே அன்று காட்டப்பட்டது. தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்படும் செயற்கை மனிதர்கள், ஓய்வும் ஊதியமுமின்றி உழைப்பதற்காகவே படைக்கப்பட்டவர்கள், ஒரு நாள் எதிர்த்தெழுகிறார்கள் என்பது கதை. 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது இந்நாடகமே. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. நம்முடைய சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வழங்கும் கூலியில்லா உழைப்பை இங்கு ஒப்பு நோக்கலாம். நாடகத்தின் இறுதியில் இரு ரோபோக்கள், ஒன்றுக்காக மற்றொன்று உயிரைத் தர முன்வருகின்றன. அதுவரை இயந்திரம் என்று கருதப்பட்டவற்றை இனி என்னவென்று அழைப்பது என்ற கேள்வியோடு பார்வையாளர் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.

இத்தகைய கதைகளைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் முதற்கண் எதிர்ப்படும் இடர் ஒரு சொல்லால் வருவதாகும். ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்ற ஒரே சொல் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனையும் குறிக்கும். வேற்று நாட்டுக் குடிமகனையும் குறிக்கும். நமது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவின் ஆங்கில மூலத்தில், பகை நாட்டைச் சேர்ந்தவரைச் சுட்டுமிடத்தில் இச்சொல்லே வருகிறது. தமிழில் நாம் ஒன்றை 'வேற்றுக்கிரகவாசி' என்றும் மற்றொன்றை 'அயல்நாட்டார்' என்றும் பிரித்து எழுதுகிறோம். பொருள் தெளிவு கருதி அவ்வாறு எழுதுவதே முறை. ஆனால் அவ்விதம் பிரிக்கும்போது ஓர் உண்மை நழுவி விடுகிறது. சட்டப் புத்தகத்திலும் தொலைக்காட்சித் திரையிலும் 'நம்மவனல்லன்' என்று ஒருவனை ஒதுக்கும் மனநிலை ஒன்றே என்பதுதான் அது.

இம்மனநிலை ஏட்டளவில் நிற்பதன்று. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அஸ்ஸாமில் நிகழ்ந்த கலவரத்தை அடுத்துக் கைத்தொலைபேசிகளில் வதந்திகள் பரவின. பெங்களூர், புனே, சென்னை, ஹைதராபாத் முதலிய நகரங்களில் கல்வி கற்றும் தொழில் புரிந்தும் வந்த வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறித் தம் ஊர் நோக்கிச் சென்றனர். புனேயில் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் மணிப்பூர் மாணவர் சிலர் தாக்கப்பட்டிருந்தனர். ஒரே சமயத்தில் பலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு 15 நாட்களுக்குத் தடை செய்ய வேண்டியதாயிற்று. தாக்கப்பட்டவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள். அவர்களை அயலாராகக் காட்டியது அவர்களுடைய முக அமைப்பு ஒன்றே. முகத்தைக் கண்டார்கள், முடிவு கட்டினார்கள். அஸ்ஸாமில் நடந்ததற்கும் புனேயில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவதற்கு அவகாசம் கொடுக்கவில்லை.

இத்தகைய செயலை நேரடியாகச் சுட்டி ஒரு நாடகம் எழுதினால் நாம் என்ன செய்கிறோம்? உடனே ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறோம். நம் ஊர், நம் சமூகம், நம் நியாயம் என்று வாதிடத் தொடங்குகிறோம். கதையைக் கேட்கும் செவி அடைபட்டுவிடுகிறது. விஞ்ஞான நாடகம் இதை அறிந்தே நம்மை வெகு தொலைவுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே நமக்கு உறவினர் இல்லை, சாதி இல்லை, கட்சி இல்லை. ஆகவே நியாயத்தை நியாயமாகவே பார்க்கிறோம். தீர்ப்பளித்த பின்னரே, அது நம்மைப் பற்றிய தீர்ப்பு என்பது நமக்குப் புலனாகிறது.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொடர் இம்முறைக்குச் சிறந்த சான்று. 1980-களில் நம் தூர்தர்ஷனிலும் அது காட்டப்பட்டது. 1969-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான அதன் கதையொன்றில், செரான் என்ற கிரகத்தைச் சேர்ந்த இருவர் விண்கப்பலுக்கு வருகிறார்கள். இருவருடைய முகமும் நடுக்கோடிட்டாற்போல் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. பீல் என்பவன் சட்டத்தின் காவலன். லோகை என்பவன் அவனால் துரத்தப்படும் கலகக்காரன். அந்தத் துரத்தல் ஐம்பதினாயிரம் ஆண்டுகளாக நடந்து வருகிறது. இருவரும் ஒரே இனத்தவர்தாமே என்று கப்பலைச் சேர்ந்த ஒருவர் வியக்கிறார். பீலுக்குச் சினம் பொங்குகிறது. தனக்கு வலப்பக்கம் கறுப்பு என்றும், லோகைக்கு வலப்பக்கம் வெள்ளை என்றும், இந்த வேற்றுமைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லையா என்றும் அவன் கேட்கிறான். இறுதியில் செரானை அடைந்து பார்த்தால், அங்கு ஓர் உயிரும் எஞ்சவில்லை. ஒருவரையொருவர் பகைத்தே எல்லாரும் மாண்டனர். அதைக் கண்ட பின்னும் அவ்விருவரும் பகை விடாமல், பாழடைந்த அந்நிலத்தில் ஒருவரையொருவர் துரத்தி ஓடுகிறார்கள்.

இடப்பக்கம், வலப்பக்கம் என்ற இந்த வேற்றுமையைக் கண்டு நகைக்காதவர் இல்லை. ஆனால் நகைத்தவர் சற்றுத் தம் ஊரையும் எண்ண வேண்டும். நீர் நிரம்பிய தொட்டி ஒன்றில் யார் கை படலாம், யார் கை படக்கூடாது என்ற விதி புனேயில் இருந்தது. 1848-இல் தம் துணைவியார் சாவித்திரிபாயுடன் சேர்ந்து இந்நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1868-இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். அன்று அது பெரும் புரட்சியாக இருந்தது. செரானிலிருந்து ஒருவன் வந்து அந்தத் தொட்டியருகே நின்றிருப்பானாயின், தண்ணீர் குடிக்கும் இரு மனிதரிடையே அவன் கண்ணுக்கு எந்த வேற்றுமையும் தெரிந்திராது. நம் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்தது.

தப்பெண்ணம் என்பது வெறுப்பாக மட்டுமே வரும் என்று எண்ணுவதும் ஒரு தப்பெண்ணமே. மதிப்பாகவும் அது வரும். இதை நன்கு உணர்ந்து நடந்துகொண்டவர், பிற்காலத்தில் புனேயின் பெருமைகளுள் ஒருவராகத் திகழ்ந்த விஞ்ஞானி ஜயந்த் விஷ்ணு நார்லிகர். 1965-இலேயே பத்மபூஷண் விருது பெற்று நாடறிந்தவரானார் அவர். 1974-இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தியபோது, அவர் 'கிருஷ்ண விவர்', அதாவது கருந்துளை, என்னும் கதையை எழுதினார். தம் பெயரைக் கண்டால் நடுவர்கள் கதையைப் பாராமல் பெயரையே பார்ப்பார்கள் என்று கருதி, 'நாராயண் விநாயக் ஜக்தாப்' என்ற புனைபெயரில் அனுப்பினார். தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கினால் வருவதே அப்பெயர். கையெழுத்தாலும் அடையாளம் தெரிந்துவிடலாகாது என்பதற்காக, கணிதப் பேராசிரியையான தம் மனைவி மங்களாவைக் கொண்டு கதையைப் படியெடுக்கச் செய்தார். யாரென்று அறியப்படாத அந்த ஜக்தாபுக்கே முதற்பரிசு கிட்டியது. நார்லிகர் பின்னர் மராத்தி விஞ்ஞானக் கதையின் தலைசிறந்த ஆசிரியர்களுள் ஒருவரானார். 1988-இல் புனேயில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல், வான்பௌதிக மையத்தை நிறுவினார். 2025 மே 20-ஆம் தேதி அந்நகரிலேயே மறைந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியது அடக்கம் மட்டுமன்று. பெயர் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதையும் நாம் கற்கிறோம். மகாராஷ்டிரத்தில் ஒருவருடைய குடும்பப் பெயர் அவருடைய பூர்விக ஊரை, பல சமயம் குலத்தையும், சொல்லிவிடும். தமிழர்களாகிய நாம் சாதிப் பெயரை விட்டுத் தந்தையின் பெயரில் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைக்கொண்டோம். இங்கு வந்து குடியேறிய தமிழர், விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறார்கள். பின்னர் அப்பெயராலேயே அழைக்கவும் படுகிறார்கள். அழைப்பவருக்கு அதில் தவறொன்றும் தெரியாது. ஆனால் அழைக்கப்படுபவருக்கு, தம் தந்தைக்குப் பதிலாகத் தாம் போய் நிற்பதுபோல் இருக்கும். அடையாளம் என்பது நாம் உள்ளே உணர்வது ஒன்று, பிறர் வெளியிலிருந்து ஒட்டுவது ஒன்று என இரண்டாகப் பிரியும் இடம் இதுதான்.

இப்பிரிவைத் தமிழில் அழகாகக் காட்டிய கதை சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் 1980-களில் தொடராக வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனில் நாடகத் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. ரங்கராஜன் என்ற பெயரில் மற்றோர் எழுத்தாளர் இருந்தமையால் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக ஏற்றவர் அவர். பெயர் வேறு, ஆள் வேறு என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய கதையில் வரும் எதிர்கால இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். குடிமக்களின் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கலாகாது. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவளுடைய தேடலில் துணை நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அது புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, மெல்ல மெல்லச் சுயமாகச் சிந்திக்கிறது. உதவ வந்த மனிதர்களின் உள்நோக்கம் ஐயத்துக்கு இடமாகும்போது, இயந்திரத்தின் விசுவாசம் உறுதியாக நிற்கிறது. நாடு முழுவதும் அஞ்சி வணங்கிய ஜீவாவோ இறுதியில் வெறும் ஒளியால் அமைந்த உருவம் என்று தெரிகிறது. முகத்தையும் பெயரையும் நம்பி நடந்த மக்களுக்கு இதைவிடக் கடுமையான பாடம் வேறு என்ன வேண்டும்?

இனி, உள்நோக்கத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். பாத்திரம் எதை விரும்புகிறது என்பது நாடகம் எழுதுவோர் எங்கும் கேட்கும் முதற்கேள்வி. புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கப்பெற்று, 1974-இல் டில்லியிலிருந்து தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவையும் தன்னிடம் பெற்ற திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் மாணவருக்கும் அக்கேள்வி பொருந்தும். வீட்டில் அமர்ந்து பார்க்கும் நமக்கும் பொருந்தும். தப்பெண்ணம் கொண்டவன் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அவனுக்கு விடை முன்பே தெரியும்: அவர்கள் அப்படித்தான்!

முன்னர்க் கூறிய ஸ்டார் ட்ரெக் தொடரில் 1967-ஆம் ஆண்டு வந்த மற்றொரு கதையை நோக்குவோம். ஒரு கிரகத்துச் சுரங்கத்தில் ஹோர்ட்டா என்னும் பாறை போன்ற பிராணியொன்று தொழிலாளரைக் கொல்கிறது. அதைக் கொன்றொழிப்பதே அனைவருடைய எண்ணமும். ஆனால் அதன் உள்ளத்தை அறிய முயன்றபோது உண்மை வெளியாகிறது. சுரங்கத்தில் உருண்டைக் கற்கள் என்று கருதித் தொழிலாளர் உடைத்தெறிந்தவை அதனுடைய முட்டைகள். தன் இனத்தின் கடைசித் தாய் அது. குஞ்சுகளைக் காக்கவே கொன்றது. இவ்வுண்மை தெரிந்த பின், கொல்ல வந்த தொழிலாளர்களே அதனுடன் உடன்பாடு செய்துகொள்கிறார்கள். கொலை நியாயமாகிவிட்டது என்று நாடகம் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் கொலை நின்றுவிடும் என்றுதான் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறக்கலாகாது.

நார்லிகரின் 'தூமகேது' என்ற கதையிலும், அதாவது வால்நட்சத்திரம் பற்றிய கதையிலும், இத்தகைய நேர்மையைக் காண்கிறோம். இந்தியில் திரைப்படமாகவும் எடுக்கப்பட்ட கதை இது. வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் தத்தா, பகுத்தறிவில் உறுதி கொண்டவர். அவருடைய மனைவி இந்திராணி, அது குடும்பத்துக்குத் தீங்கு தரும் என்று அஞ்சி யாகம் செய்ய விரும்புகிறாள். பூமியை நோக்கி வரும் அந்த நட்சத்திரத்தை விஞ்ஞானிகள் அணுகுண்டால் விலகச் செய்கிறார்கள். வீட்டிலோ யாகத்தின் பலன் என்று பேசப்படுகிறது. ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. எனினும் இந்திராணியை அவர் மூடப் பெண்ணாகத் தீட்டவில்லை. அவளைத் தூண்டுவது தன்னவர் மீதுள்ள அன்பும் அச்சமும். நம்பிக்கை தவறாக இருக்கலாம். அதன் வேர் இழிவானதன்று. இதை உணராத சீர்திருத்தக்காரனின் சொல் எவர் செவியிலும் ஏறுவதில்லை.

விஞ்ஞான நாடகங்களில் ஒரு குறையும் உண்டு என்பதை மறைக்காமல் கூற வேண்டும். தப்பெண்ணத்தைக் கண்டிக்கப் புகும் நாடகமே பல வேளைகளில் புதியதொரு தப்பெண்ணத்தை விதைத்துவிடுகிறது. ஒரு கிரகத்தார் அனைவரும் போர்வெறியர், மற்றொரு கிரகத்தார் அனைவரும் தர்க்கம் தவறாதவர், இன்னொரு கிரகத்தார் அனைவரும் பேராசைக்காரர் என்று வகுப்பது ஆசிரியருக்கு எளிது. ஒரு முழு உலகத்துக்கும் ஒரே குணம்! பிறப்பைக் கொண்டு குணத்தைக் கூறும் பழைய பழக்கந்தான் இங்கு விண்வெளி உடை தரித்து வருகிறது.

பிறப்பைக் கொண்டு குணத்தைக் கூற முடியுமா என்பதை நார்லிகர் புனேயில் சோதித்தே பார்த்தார். 2008-இல், நரேந்திர தாபோல்கர் முதலியோருடன் சேர்ந்து, படிப்பில் சிறந்த 100 மாணவர்களின் ஜாதகங்களையும், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளின் ஜாதகங்களையும் அவர் திரட்டினார். பெயரை நீக்கி, கலந்து, ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்களை அனுப்பி, எவை எவருடையவை என்று பிரிக்கக் கேட்டார். விடையளித்த 27 சோதிடர்கள் சராசரியாக நூற்றுக்கு 46 தான் சரியாகக் கூறினர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் ஏறத்தாழ 50 கிடைத்திருக்கும். 1974-இல் தம் பெயரை மறைத்தவரும், 2008-இல் பிறர் பெயரை மறைத்தவரும் ஒருவரே என்பது கருதத்தக்கது. மேலொட்டிய சீட்டை அகற்றிவிட்டால் உள்ளிருப்பது நமக்குத் தெரியுமா என்பதே இரு சோதனைகளிலும் கேட்கப்பட்ட கேள்வி.

ஆகவே, தொலைக்காட்சியில் விஞ்ஞான நாடகம் ஒன்றைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வது பயன் தரும். இந்தப் பாத்திரம் தன்னை யார் என்று கருதுகிறது. பிறர் அதை யார் என்கிறார்கள்? இதன் செயலுக்கு அதன் வாழ்க்கையிலிருந்து காரணம் கூறப்படுகிறதா, அல்லது அதன் இனத்திலிருந்தா? இதன் முகத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் நம் தீர்ப்பு மாறுமா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வருமாயின், குற்றம் பாத்திரத்திடம் இல்லை.

கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் பொய்யாகலாம், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். விசாரிப்பதற்குக் காலம் வேண்டும், பொறுமையும் வேண்டும். நாடகத்தில் அதற்கு அரைமணியோ ஒருமணியோ நமக்குக் கிடைக்கிறது. அந்த ஒருமணி நேரப் பொறுமையைத் திரைக்கு வெளியேயும் கொண்டுவர இயலுமா என்பதுதான் கேள்வி. வாடகைக்கு வீடு கேட்டு வாசலில் நிற்கும் மாணவனிடம் அவன் பெயரைக் கேட்குமுன் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோமா? கைத்தொலைபேசியில் ஒரு வதந்தி வந்ததும் அதைப் பிறருக்கு அனுப்புமுன், யாரைப் பற்றியது, உண்மைதானா என்று விசாரிக்கிறோமா? 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இவ்வளவு பொறுமை நம் நகரங்களில் இருந்திருக்குமானால், அத்தனை இளைஞர்கள் பாதிப் படிப்பிலும் பாதி வேலையிலும் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.